சம்பளத்தை விட்டு கன்சல்டன்ட் ஆகச் சொல்கிறார்கள்: தனி ஆளா, எல்.எல்.பி.யா, கம்பெனியா?

8 ஜூன் 2025

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே:

"அண்ணா, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். வருடம் 14 லட்சம். ஜூலையிலிருந்து ஊழியர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கன்சல்டன்டாக மாதம் 1,50,000 தருவதாகச் சொல்கிறார்கள். நண்பன் எல்.எல்.பி. ஆரம்பி என்கிறான். மச்சான் பிரைவேட் லிமிடெட் போட்டால்தான் வரி மிச்சம் என்கிறார். தனி ஆளாகவே பில் போட்டால் வரி அள்ளிக்கொண்டு போய்விடுமா?"

போகாது தம்பி. உங்கள் அளவு வருமானத்துக்கு எல்.எல்.பி. (பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்), பிரைவேட் லிமிடெட் என்று எதையும் ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் பெயர், உங்கள் பான் கார்டு, இதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு. அவ்வளவுதான்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் டிராயிங் பிரிவில் இருந்தவன். இப்போது அதே பிரஷர் வெசல், ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிராயிங்குகளை காந்தி நகர் வீட்டு மாடியில் உட்கார்ந்து போட்டு பில் அனுப்புகிறேன். ஆடிட்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில் நிறைய நாள் உருண்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான். மாதம் ஒன்றரை லட்சம் என்றால் வருடம் 18 லட்சம். வருமான வரிச் சட்டத்தின் 44ஏ.டி.ஏ. பிரிவில் வந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் வேண்டாம், செலவு ரசீது வேண்டாம். ஆக 9 லட்சம். புதிய வரி முறையில் இந்த நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். கம்பெனி 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடிக்கும், 1,80,000. ரிட்டர்ன் போட்டால் அது முழுசாகத் திரும்ப வரும்.

சம்பளமாக 14 லட்சம் வாங்கினால்? 75,000 நிலைக் கழிவு போக 13,25,000. வரியும் செஸ்ஸும் சேர்த்து 81,900.

9 ஜூன் 2025

"பூஜ்யம் என்று ஆசை காட்டாதீர்கள், எல்.எல்.பி.யில் இன்னும் சலுகை இருக்கிறது" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். என்ன சலுகை என்று சொல்லவில்லை. சரி, நானே போட்டுப் பார்க்கிறேன்.

எல்.எல்.பி.க்கு 44ஏ.டி.ஏ. கிடையாது. சட்டத்திலேயே 'தனி நபர் அல்லது எல்.எல்.பி. அல்லாத கூட்டு நிறுவனம்' என்று எழுதியிருக்கிறது. அதனால் கணக்கு எழுதி, நிஜ லாபத்துக்கு வரி. விகிதம் தட்டையாக 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. அடுக்குகளும் இல்லை, 12 லட்சம் தள்ளுபடியும் இல்லை. தப்பிக்க ஒரே வழி, பார்ட்னர்கள் சம்பளம் எடுப்பது. அதற்கும் உச்சவரம்பு உண்டு: லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம், மிச்சத்துக்கு 60 சதவீதம். தம்பியின் 18 லட்சத்தில் செலவு போக 15 லட்சம் லாபம் என்று வைத்தால், சம்பளமாகக் கழிக்க முடிவது 10,80,000. மீதி 4,20,000-க்கு 31.2 சதவீதம், அதாவது 1,31,000 சொச்சம். போதாக்குறைக்கு 2025 ஏப்ரல் முதல் பார்ட்னருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் வட்டிக்கும் 194டி (T) பிரிவின்படி 10 சதவீதம் டி.டி.எஸ். வேறு பிடிக்க வேண்டும். உங்கள் பணத்தை உங்களுக்கே கொடுக்க நீங்களே டி.டி.எஸ். ரிட்டர்ன் போடுவீர்கள். அப்புறம் இரண்டாவது பார்ட்னர் யார்? அப்பாவா?

பிரைவேட் லிமிடெட். 115பி.ஏ.ஏ. என்கிற குறைந்த விகிதப் பிரிவில் போனால் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம். மச்சான் சொல்வது என்னவென்று எனக்குப் புரிகிறது. கம்பெனியிலிருந்து நீங்களே 12,75,000 சம்பளம் எடுத்தால் நிலைக் கழிவு போக சரியாக 12 லட்சம், வரி இல்லை. அழகான யோசனைதான். ஆனால் மீதி 5,25,000 இருக்கிறதே. ஆடிட், ஃபைலிங் செலவு 60,000 என்று வைத்துக்கொண்டாலும் 4,65,000-க்கு 1,17,000 வரி. மிச்சத்தைக் கைக்குக் கொண்டுவர டிவிடெண்ட் எடுத்தால், 2020-லிருந்து அது வாங்குகிறவர் கையில் வரிக்குரியது.

கம்பெனிக்கு ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் வருடாவருடம் ஆடிட் கட்டாயம். ஏ.ஓ.சி.-4, எம்.ஜி.டி.-7ஏ என்கிற வருடாந்தரப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். ஓ.பி.சி. என்கிற ஒற்றை ஆள் கம்பெனிக்கும் இதே கதைதான். தொடங்குவது சுலபம், மூடுவதுதான் பெரும்பாடு. வாலாஜாவில் எனக்குத் தெரிந்த ஒருவர் வேலைக்கே போய்விட்டார், கம்பெனி மட்டும் இன்னும் உயிரோடு இருந்து அவரிடம் வருடாவருடம் படிச் செலவு வாங்குகிறது.

இன்னொரு சிக்கல், யாரும் சொல்லாதது. ஒரு கம்பெனியில் டைரக்டர் ஆகிவிட்டால் எளிதான ரிட்டர்ன் படிவமான ஐ.டி.ஆர்.-4 போட முடியாது. தனியாக வேறு வேலை செய்து 44ஏ.டி.ஏ.வில் காட்டினாலும் ஐ.டி.ஆர்.-3 தான்.

9 ஜூன் 2025, இரவு

மச்சான் சண்டைக்கு வருகிறாராம். வரட்டும். எந்த ஊர் மச்சானும் பிரைவேட் லிமிடெட்டுக்குக் கீழே யோசிப்பதில்லை. விசிட்டிங் கார்டில் 'டைரக்டர்' என்று போட வேண்டுமே.

12 ஜூன் 2025

14 லட்சம் என்பது சி.டி.சி.யா என்று கேட்டிருந்தேன். ஆமாம் என்கிறார். அப்படியானால் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி ஒதுக்கீடு, குடும்ப மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். இப்போது பிடிபடும் வரியும் நான் மேலே போட்ட 81,900-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆக 4 லட்சம் கூடுதல் என்பது பெரிய லாபம்போலத் தெரிந்தாலும் அதில் பாதி இந்த இழப்புகளுக்கே சரியாகப் போகும். அம்மா அப்பாவைச் சேர்த்து வெளியில் ஒரு மருத்துவக் காப்பீடு எடுக்கப் பிரீமியம் விசாரித்துவிட்டு வாருங்கள் தம்பி, அப்புறம் பேசலாம். மருத்துவமனைக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம், பில் எவ்வளவு ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேச்சுவாக்கில் இன்னொன்று சொன்னார். வருகிற செப்டம்பரில் அந்தக் கம்பெனியில் 5 வருடம் முடிகிறதாம்.

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா! ஜூலையில் மாறினால் கிராஜுவிட்டி சிக்கல்: ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை இருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு, ஆனால் கம்பெனி '5 வருடம் முடியவில்லை' என்று மறுத்தால் நீங்கள்தான் அலைய வேண்டும். 5 வருடம் முடித்தால் கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை 50,000 என்றால் 1,44,000 ரூபாய்க்கு மேல் வருகிறது, அதற்கு வரியும் இல்லை. எல்.எல்.பி.யா கம்பெனியா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, 'ஜூலை வேண்டாம், அக்டோபர் 1 முதல் மாறிக்கொள்கிறேன்' என்று ஒரு மெயில் போடுங்கள். இந்த இழையிலேயே அதிகப் பணம் அந்த ஒரு மெயிலில்தான் இருக்கிறது.

15 ஜூன் 2025

இன்று அட்வான்ஸ் டேக்ஸ் முதல் தவணை என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு மூன்று பேர் பதறிக் கேட்டிருக்கிறார்கள். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்கிற நான்கு தவணை, கணக்கு எழுதுகிறவர்களுக்கு. 44ஏ.டி.ஏ.விலும், வியாபாரிகளுக்கான இதே மாதிரிப் பிரிவான 44ஏ.டி.யிலும் இருப்பவர்களுக்கு ஒரே தவணை, மார்ச் 15. முழுவதையும் அன்றைக்குள் கட்ட வேண்டும், தவறினால் மாதம் 1 சதவீத வட்டி ஓட ஆரம்பிக்கும். பிடித்த டி.டி.எஸ்.ஸே வரியைவிட அதிகம் என்றால் கட்ட எதுவும் இல்லை.

22 ஜூன் 2025

"நானும் 50 சதவீதம் காட்டலாமா?" என்று வரிசையாகக் கேள்விகள். எல்லோருக்கும் இல்லை. 44ஏ.டி.ஏ. என்பது ஒரு பட்டியல். வக்கீல், டாக்டர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்காரம் செய்பவர், அப்புறம் அரசு அறிவிப்பில் சேர்த்த சினிமாக் கலைஞர், கம்பெனி செக்ரட்டரி, தகவல் தொழில்நுட்பம். தம்பியின் சாஃப்ட்வேர் கடைசியாகச் சொன்னதில் வருகிறது. என் டிராயிங் இன்ஜினியரிங்கில் வருகிறது. வருட வரவு 50 லட்சம் வரை. ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை.

பாகாயத்தில் ட்யூஷன் எடுக்கும் சகோதரிக்கு: பட்டியலில் ட்யூஷன் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெயரில் கோச்சிங் சென்டர் நடத்தினாலும் இதே பதில்.

பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் அண்ணனுக்கு: உங்களுக்கு இதைவிட நல்லது, 44ஏ.டி. ஜாப் வொர்க் என்பது வியாபாரம். வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் காட்டினால் போதும். வரம்பு 2 கோடி, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி. ஆனால் ஒருமுறை இதில் நுழைந்துவிட்டு அடுத்த வருடம் 'லாபம் குறைவு, கணக்கு எழுதிக் காட்டுகிறேன்' என்று வெளியே வந்தால் ஐந்து வருடத்துக்குத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

தோல் தரகர்களுக்கு இரண்டிலும் இடம் இல்லை. கமிஷன் வருமானத்தை 44ஏ.டி. வாசலிலேயே நிறுத்துகிறது. வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பாதிப் பேர் இதைத் தெரியாமல் 8 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

6 ஜூலை 2025

தம்பிக்கு அக்டோபர் வரை தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். வாழ்க. ஆனால் ஒப்பந்த வரைவை அனுப்பியிருக்கிறார், படித்தேன். காலை 9.30-க்கு லாகின், மேனேஜரிடம் விடுப்பு அனுமதி, வருடம் 18 நாள் விடுப்பு, வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, கம்பெனி லேப்டாப்.

இது கன்சல்டன்ட் ஒப்பந்தமா? பி.எஃப். இல்லாத வேலை நியமன உத்தரவு! வரி அதிகாரி காகிதத்தின் தலைப்பைப் பார்க்க மாட்டார், உள்ளே இருக்கும் உறவைப் பார்ப்பார். முதலாளி தொழிலாளி உறவு என்று தெரிந்தால் மொத்தமும் சம்பளம், 50 சதவீதமும் போச்சு. மருத்துவமனை டாக்டர்கள் வாங்குவது சம்பளமா கட்டணமா என்று நாடு முழுக்கத் தீர்ப்பாயங்களில் வழக்கு நடந்ததே இதை வைத்துத்தான்.

என் ஆலோசனை: விடுப்புப் பிரிவை எடுக்கச் சொல்லுங்கள். வேலையை நேரத்தால் அளக்காமல் முடித்துக் கொடுப்பதை வைத்து எழுதச் சொல்லுங்கள். 'வேறு யாருக்கும் செய்யக் கூடாது' என்பதை 'போட்டி நிறுவனங்களுக்கு' என்று சுருக்கச் சொல்லுங்கள். லேப்டாப் சொந்தமாக வாங்குங்கள். இரண்டாவதாக ஒரு வாடிக்கையாளர், சின்னதாக இருந்தாலும், இருந்தால் இன்னும் பலம். நஷ்ட ஈடு பிரிவில் தொகைக்கு உச்சவரம்பு இல்லை, அதையும் கேளுங்கள். நீங்கள் தனி ஆள், வழக்கு வந்தால் உங்கள் வீடு வரை வரும். கம்பெனி என்றால் பொறுப்பு கம்பெனியோடு நின்றுவிடும். மச்சான் தரப்புக்குச் சாதகமான ஒரே நியாயம் இதுதான், அதை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

20 ஜூலை 2025

ஜி.எஸ்.டி. பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன், ஏனென்றால் வருமான வரி பூஜ்யம் என்றதும் ஆட்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சேவைக்கு வரம்பு வருடம் 20 லட்சம். தம்பியின் 18 லட்சம் உள்ளே இருக்கிறது. ஆனால் அந்த 20 லட்சத்தில் ஒரே பான் எண்ணில் வருகிற எல்லாம் சேரும்: வரி இல்லாத வருமானம், ஏற்றுமதி, எல்லாம். சத்துவாச்சாரியில் உங்கள் பெயரில் ஒரு வீடு மாதம் 18,000-க்கு வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருப்பு வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் அந்த 2,16,000 கூட்டலில் சேரும். 18-ம் 2.16-ம் சேர்ந்தால் 20,16,000. முடிந்தது கதை.

பதிவு செய்வதில் பெரிய பயம் தேவையில்லை. 18 சதவீதம் சேர்த்து பில் போடுவீர்கள், வாடிக்கையாளர் கம்பெனி அதை இன்புட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுத்துக்கொள்ளும், அவர்களுக்கு நஷ்டம் இல்லை. உங்கள் லேப்டாப்புக்கும் பிராட்பேண்டுக்கும் கட்டிய வரி உங்களுக்குத் திரும்பும். தலைவலி என்னவென்றால் ரிட்டர்ன். அவர்கள் பணம் தர மூன்று மாதம் இழுத்தாலும் நீங்கள் வரியைக் கட்டியாக வேண்டும். இதற்காகவே நான் இழுத்தடிக்கும் ஒரு வாடிக்கையாளரை விட்டேன்.

வீட்டு முகவரியில் பதிவு செய்ய அப்பாவின் சம்மதக் கடிதம், மின் கட்டண ரசீது, சொத்து வரி ரசீது போதும். பதிவு வந்ததும் வாசலில் பெயர்ப் பலகையில் ஜி.எஸ்.டி. எண் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தேன். அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு மாமி படியேறி வந்து, "கடை வெச்சிருக்கீங்களாமே, என்ன கடை?" என்று எட்டிப் பார்த்தார். ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிராயிங் என்று விளக்க முயன்றேன். கீசர் ரிப்பேர் பண்ணுவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். தெருவில் இன்னமும் என் வீட்டுக்கு கீசர்காரர் வீடு என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.

மாநகராட்சித் தொழில் வரியும் உண்டு, அரையாண்டுக்கு ஒருமுறை. எவ்வளவு சம்பாதித்தாலும் வருடத்துக்கு 2,500-க்கு மேல் போகாது. கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

7 செப்டம்பர் 2025

ஆம்பூரிலிருந்து ஒரு பாய் கேட்டது தனி இழைக்கே தகும், இருந்தாலும் இங்கேயே எழுதுகிறேன். ஜெர்மனி, இத்தாலி பையர்களுக்காக இங்குள்ள ஃபேக்டரிகளில் ஷூ தரம் பார்த்து ரிப்போர்ட் அனுப்புகிறார். பணம் யூரோவில் வருகிறது. "டாலரும் யூரோவும் வந்தால் ஏற்றுமதிதானே, ஜி.எஸ்.டி. இல்லையே" என்கிறார்.

அப்படிச் சொல்லிவிட முடியாது பாய். பணம் வெளிநாட்டு நாணயத்தில் வருவது ஒரு நிபந்தனைதான். சேவை எங்கே நடந்ததாகச் சட்டம் கருதுகிறது என்பது இன்னொன்று. என்னைப்போல டிராயிங் போட்டு மெயிலில் அனுப்பினால், வாங்குபவர் இருக்கும் இடம்தான் கணக்கு, அது ஏற்றுமதி. ஆனால் ஒரு பொருளைக் கண்ணெதிரே வைத்து, தொட்டுப் பார்த்துச் செய்கிற சேவை என்றால், அது நடந்த இடமே கணக்கு. நீங்கள் ஆம்பூர் ஃபேக்டரியில் பெட்டியைத் திறந்து, ஜோடியை எடுத்து, தையலை இழுத்துப் பார்த்து, சோல் ஒட்டியிருக்கிறதா என்று வளைத்துப் பார்க்கிறீர்கள். அது ஆம்பூரில் நடந்த சேவை. வரம்பைத் தாண்டினால் 18 சதவீதம், பையர் தராவிட்டால் உங்கள் கையிலிருந்து. ஒரு வருடத்து வரவில் 18 சதவீதம் என்றால் லாபமே போய்விடும், ஆகவே ரேட் பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசுங்கள்.

ஆர்டர் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்குவது தனி. அதையும் இடைத்தரகர் சேவை என்று இதுவரை இந்தியாவில் நடந்ததாகவே பிடித்து வந்தார்கள். இந்த வாரம் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில், அந்தப் பிரிவை எடுத்துவிடப் பரிந்துரை செய்திருக்கிறது. சோப்பு, ஷாம்பு விலை குறையும் என்ற செய்திக்கு நடுவில் இது யார் கண்ணிலும் படவில்லை. நம் பக்கத்து ஏஜென்டுகளுக்கு இதுதான் தலைப்புச் செய்தி. பரிந்துரை என்பது சட்டம் ஆகாது, திருத்தம் வரும் வரை பழையதுதான்.

ஆக பாய் வாங்கும் தொகையில் தரம் பார்க்கும் கட்டணம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று பில்லில் பிரித்து எழுதுவது நல்லது. இன்றைக்கு இரண்டுக்கும் ஒரே வரிதான், ஆனால் நாளைக்கு இரண்டும் வேறு வழியில் போகும். வருமான வரியிலும் கமிஷனுக்கு 44ஏ.டி. இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

16 செப்டம்பர் 2025

ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஜூலை 31-ஐ செப்டம்பர் 15 ஆக்கி, அதையும் ஒரு நாள் தள்ளியிருக்கிறார்கள். இன்னும் போடாதவர்கள் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதைப் போடுங்கள்.

போடும்முன் 26ஏ.எஸ்.ஸை, அதாவது உங்கள் பானில் பிடித்த வரியின் பட்டியலை, திறந்து பாருங்கள். என் வாடிக்கையாளர்களில் ஒருவர் என் டிராயிங்குக்கு 194சி-யில், அதாவது ஒப்பந்த வேலை என்று, 1 சதவீதம் பிடித்திருந்தார். மற்றவர்கள் 194ஜே, அதாவது தொழில்முறைக் கட்டணம் என்று. பணம் குறைவாகப் பிடித்தது சுகம்தான், ஆனால் நான் தொழில்முறை வருமானம் என்று 44ஏ.டி.ஏ.வில் காட்டும்போது அங்கே ஒப்பந்தக்காரர் என்று பதிவாகியிருந்தால் நாளைக்குக் கேள்வி வரும். போன் செய்து திருத்தச் சொன்னேன். அவர்கள் அக்கவுண்ட்ஸ் பையன், "சார், எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம்" என்றான். மெயிலில் கேட்டு, ஆர்டர் நகலை இணைத்ததும் திருத்தினார்கள். போனில் கேட்டது கணக்கில் வராது.

மேலே ஒருவர் 194ஜே வரம்பு 30,000 என்று எழுதியிருந்தார். 2025 ஏப்ரல் 1 முதல் 50,000.

11 அக்டோபர் 2025

தம்பி கன்சல்டன்ட் ஆகிவிட்டார். கிராஜுவிட்டி வந்துவிட்டதாம். இந்த வருடக் கணக்கு: ஆறு மாதச் சம்பளம் ஏறத்தாழ 7 லட்சம், நிலைக் கழிவு போக 6,25,000. ஆறு மாதக் கட்டணம் 9 லட்சம், பாதி 4,50,000. மொத்தம் 10,75,000. இரண்டையும் ஒரே ஐ.டி.ஆர்.-4-இல் காட்டலாம், வரி இல்லை.

ஆனால் 50 சதவீதம் பற்றி எனக்கு இப்போது கொஞ்சம் வேறு எண்ணம் இருக்கிறது. ஜூனில் நான் எழுதியதைப் படித்தால், எவ்வளவு குறைத்துக் காட்ட முடியுமோ அவ்வளவு குறைத்துக் காட்டுவதே புத்திசாலித்தனம் என்ற தொனி இருக்கிறது. போன மாதம் ஒரு நண்பர் சத்துவாச்சாரியில் மனை பார்த்து வீட்டுக் கடனுக்குப் போனார். சிவில் இன்ஜினியர், வருடம் 22 லட்சம் பில் போடுகிறவர். வங்கியில் மூன்று வருட ரிட்டர்னைப் புரட்டிவிட்டு, "உங்க வருமானம் 11 லட்சம்தானே சார்" என்றார்களாம். வங்கி ஸ்டேட்மென்ட்டைக் காட்டினாலும் அவர்கள் கண் ரிட்டர்னில்தான். அவர் எதிர்பார்த்த கடனில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது.

சட்டம் 50 சதவீதம் 'அல்லது அதற்கு மேல் நீங்கள் காட்டும் தொகை' என்றுதான் சொல்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் வீடு கட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே கூட்டிக் காட்டத் தொடங்குங்கள். 18 லட்சத்தில் 12 லட்சம் காட்டினாலும் வரி பூஜ்யம்தானே! இதை யாரும் யோசிப்பதில்லை. 9-க்கும் 12-க்கும் வரியில் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை, கடனில் பல லட்சம் வித்தியாசம். 50-க்குக் கீழே காட்டப் போனால்தான் கணக்குப் புத்தகம், ஆடிட் எல்லாம் வரும்.

மனைவிக்குச் சம்பளம் கொடுத்ததாகக் கழிக்கலாமா என்று கேட்டவருக்கு: 50 சதவீதத்திலேயே எல்லாச் செலவும் முடிந்துவிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கணக்கு எழுதுகிறவராக இருந்தாலும், மனைவிக்கு அந்த வேலைக்கான படிப்போ தகுதியோ இல்லையென்றால் அவர் சம்பளத்தை உங்கள் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள்.

4 ஜனவரி 2026

விடுமுறையில் மச்சானே நேரில் கேட்டிருக்கிறார், தம்பி எழுதியிருக்கிறார்: "அப்போ கம்பெனி யாருக்குத்தான்?"

நியாயமான கேள்வி. முதலில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்வதைப் பார்ப்போம். இருவரும் சேர்ந்து வருடம் 40 லட்சம். சாதாரணப் பார்ட்னர்ஷிப் வைத்து 44ஏ.டி.ஏ.வில் போனால் 20 லட்சம் வருமானம், தட்டையாக 31.2 சதவீதம், 6,24,000 வரி. பார்ட்னர் சம்பளத்தையும் அதில் கழிக்க முடியாது. அதே இருவரும் வாடிக்கையாளரிடம் தனித்தனி ஒப்பந்தம் போட்டு, ஆளுக்கு 20 லட்சம் பில் போட்டால் ஆளுக்கு 10 லட்சம் வருமானம், வரி பூஜ்யம். ஆறே கால் லட்சம்! வேலையை நிஜமாகவே பிரித்துச் செய்ய வேண்டும், பில்லில் மட்டும் பிரித்தால் போதாது.

தனி ஆள் எவ்வளவு தூரம் போகலாம்? 30 லட்சம் பில் என்றால் 15 லட்சம் வருமானம், வரி 1,09,200. 60 லட்சம் பில் என்றால் 30 லட்சம், வரி 4,99,200. வரவில் எட்டு சதவீதம் சொச்சம். எந்தக் கம்பெனியும் இதை வெல்லாது. 75 லட்சம் தாண்டினால் 44ஏ.டி.ஏ. போய்விடும், ஆடிட் வந்துவிடும், அப்போது கம்பெனியை உட்கார்ந்து யோசிக்கலாம். அதற்கு முன்னாலேயே கம்பெனி தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குச் செலவே 70, 80 சதவீதம் ஆகும்; பாதியை லாபமாகக் காட்டுவது அவர்களுக்கு நஷ்டம். கோடிக்கணக்கில் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு உள்ள வேலை. தனி ஆளுக்கு ஆர்டர் தரமாட்டோம் என்கிற பெரிய நிறுவனம். லாபத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே போடுகிறவர். மச்சான் ஃபேப்ரிகேஷன் ஷெட் போடும் எண்ணத்தில் இருப்பதாகக் கேள்வி. அவருக்கு அவர் சொன்னது பொருந்தும்.

13 மார்ச் 2026

15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அட்வான்ஸ் டேக்ஸ் கட்ட வேண்டியவர்கள் இன்றைக்கே ஆன்லைனில் கட்டிவிடுங்கள், திங்கட்கிழமை வரை தள்ளிப் பார்க்க வேண்டாம். சலானில் வருடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 2025-26 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27.

வெளிநாட்டுக்கு பில் போடும் ஜி.எஸ்.டி. பதிவுக்காரர்கள் புது நிதியாண்டுக்கான எல்.யூ.டி.யை (ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி) ஏப்ரலில் முதல் பில் போடும்முன் தாக்கல் செய்யுங்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் செய்ய வேண்டும், கட்டணம் இல்லை.

ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருகிறது. 44ஏ.டி., 44ஏ.டி.ஏ. எல்லாம் 58-ஆம் பிரிவுக்குள் போகின்றன, மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லுக்குப் பதில் வரி ஆண்டு. ஆனால் 2025-26 நிதியாண்டுக்கு நாம் போடும் ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான், பழைய பிரிவு எண்கள்தான். தம்பி, உங்கள் ஏப்ரல் மாத பில்லில் பிரிவு எண் எதையும் எழுதத் தேவையில்லை. பான், வங்கிக் கணக்கு, செய்த வேலையின் விவரம், தேதி போதும்.